மழைக்கு முந்திய தவளை

இன்னும் தைக்கவே ஆரம்பிக்காத ஒரு புத்தகம், அழகாகத் தைத்து உறையும் போட்டு, வாடகைப் புத்தகக்காரன் குமாசோவின் முதுகு மூட்டையிலிருந்து வெளியே வந்தது.

மழை மாதத்தின் ஒரு காலை. எடோ நகரில், நிஹோன்பாஷிப் பாலத்துக்கு வடக்கே, புத்தகக் கடைக்காரர் ஹிகோபே அப்போதுதான் கடைப் பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார். குமாசோ செருப்பின் சேற்றைத் தட்டிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"முதலாளி, புத்தகம் அபாரம்! என் பெஞ்சாதி அடுப்புல சோத்த வச்சுட்டு இதையே பார்த்துட்டு இருந்தா, சோறு தீஞ்சுபோச்சு. ஒண்ணுதான் புரியல. இந்தத் தவளைக்கு மட்டும் ஏன் பச்சை வழியுது?"

"எந்தத் தவளை?"

"உங்க தவளைதான். பன்னிரண்டு மழைகள்."

தேநீர்க் கிண்ணத்தை நோக்கிப் போன ஹிகோபேயின் கை பாதியில் நின்றது.

'பன்னிரண்டு மழைகள்' அவரும் அவருடைய பால்ய நண்பர் சோஷிச்சியும் கூட்டாகப் போடும் படப் புத்தகம். பன்னிரண்டு வண்ணப் படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மழை. கோடை இடிமழை, வயல்நாற்று மழை, வெயிலோடு பெய்யும் மழை. பன்னிரண்டாவதில் மட்டும் மழை இன்னும் வரவில்லை. ஒரு தவளை தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அச்சடித்த தாள்கள் இதோ அவர் முதுகுக்குப் பின்னால் அடுக்கடுக்காக இருக்கின்றன. மடித்துத் தைக்கும் பெண்கள் நாளைக்குத்தான் வருகிறார்கள். ஒரு பிரதிகூட வாசலைத் தாண்டவில்லை.

"இத எங்க வாங்கின?"

"ரியோகோகு பாலத்தடியில. நகோயா ஊர்ச் சரக்குன்னு ஒருத்தன் மூட்டை மூட்டையா வச்சுக்கிட்டுக் கூவறான். பாதி விலைக்கு." குமாசோவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப... இது உங்களோடது இல்லியா?"

ஹிகோபே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தன் பெயரும் சோஷிச்சியின் பெயரும் இருக்கவேண்டிய இடத்தில், யாரும் கேள்விப்படாத நகோயாக் கடை ஒன்றின் பெயர் இருந்தது.

உள்ளேயிருந்து அவர் மனைவி ஓமிச்சி வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தவளையின் பச்சை, உடலின் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே பிதுங்கியிருந்தது.

"அய்யே, புது வருஷ விருந்து முடிஞ்சு எழுந்த சோஷிச்சி அண்ணன் மாதிரி வயிறு வெளிய தள்ளுதே!" என்று சிரித்தாள். கணவனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

சோஷிச்சியே சற்று நேரத்தில் நனைந்து மூச்சிரைக்க வந்து நின்றார். அவர் கையிலும் அதே புத்தகம்.

"பார்த்துட்டியாடா? முடிஞ்சோம். நாம கடையில வைக்கறதுக்குள்ள ஊர் பூரா இத வாங்கிடும்."

"யாரா இருக்கும்?"

"இதுல கேள்வி வேறயா? தோராகிச்சி. நம்ம செதுக்குக்காரன்."

சோஷிச்சி சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றியது. ஒரு படத்தைத் திருட ஓவியர் தேவையில்லை. மெல்லிய தாளில் அச்சான ஒரு பக்கம் கையில் இருந்தால் போதும். அதைப் புதிய செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, பின்பக்கமாகத் தெரியும் கோடுகளை மட்டும் விட்டு, மிச்ச மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டால், அதே படம் இன்னொரு பலகையில் பிறந்துவிடும். வண்ணம் குறிப்பதற்காக எடுத்த மாதிரித் தாள்கள் எல்லாம் தோராகிச்சியின் பட்டறைக்குத்தான் போயிருந்தன. போன குளிர்காலத்தில் அவன் நகோயாவுக்கும் போய் வந்தான்.

"நம்ம புத்தகக்காரங்க சங்கத் தலைவர்கிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் கூட்டம். புத்தகம் ரெண்டு பேரோடது, அதனால புகாருக்கு ரெண்டு முத்திரையும் வேணுமாம். நீயும் போட்டுட்டா, நாளையிலேர்ந்து எடோவுல எவனும் அவன் கையில பலகை குடுக்கமாட்டான்."

"போடறதுக்கு முன்னால அவன ஒரு வார்த்தை கேட்டுடறேனே."

"ஏண்டா, என் பேச்சு போதாதா உனக்கு?"

"போதும். ஆனா போறது அவன் சோறு."

சோஷிச்சி ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு சிரித்துத் தோளில் தட்டினார். "நீ மாறவே மாட்ட. வா, நானும் வர்றேன்."

புறப்படும்போது ஹிகோபேக்கு ஒரு பழைய சந்தோஷம் நினைவில் வந்து போனது. கூட்டாகப் புத்தகம் போடுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பலகைகளை எல்லாம் ஒருவர் வைத்துக்கொண்டால் மற்றவருக்குத் தெரியாமல் அச்சடித்துவிடலாம் அல்லவா? அதனால் ஒரே ஒரு பலகையைப் பிரித்து மற்றவரிடம் கொடுத்துவிடுவார்கள். பிணைப்பலகை என்று அதற்குப் பெயர். அச்சு நாளில் அவர் அதை எடுத்து வந்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, திரும்ப எடுத்துப் போவார். 'பன்னிரண்டு மழைகள்' பலகைகள் சோஷிச்சியின் கிடங்கில் இருந்தன. "நமக்குள்ள பிணை எதுக்குடா" என்று ஹிகோபே சொன்னதைக் கேட்காமல், செதுக்கி முடித்த வாரமே சோஷிச்சி ஒரு பலகையைத் தன் கடைச் சின்னம் போட்ட நீலத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு பெட்டி சிவப்புப் பயறு இனிப்பு. "வழக்கம் வழக்கம்தான். உனக்கு ரொம்பப் பிடிச்ச படமாப் பார்த்து எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார்.

நண்பகலில் கண்டாப் பகுதியில் இருந்த பட்டறையை அடைந்தார்கள். தோராகிச்சி சன்னலோரம் சம்மணமிட்டு, மூக்கு பலகையைத் தொடும் அளவுக்குக் குனிந்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயது. வாய்த் துடுக்கு அதிகம். ஆனால் மழைக்கோடு செதுக்க அந்தத் தெருவில் அவனை விட்டால் ஆள் இல்லை. மழைக்கோடு என்பது கத்தியால் கீறுகிற கோடு அல்ல. இரண்டு பக்கமும் மரத்தை எடுத்துவிட்டு, நடுவில் முடி அளவுக்கு ஒரு சுவரை நிற்கவைப்பது. கை கொஞ்சம் நடுங்கினால் சுவர் சாய்ந்துவிடும். ஒரு மழையே கெட்டுவிடும்.

ஹிகோபே நகோயாப் புத்தகத்தை அவன் முன் வைத்தார்.

"இத எப்பவாச்சும் பார்த்திருக்கியா?"

"இல்ல ஐயா." புரட்டினான். புருவம் ஏறியது. இன்னும் நான்கு பக்கம் புரட்டினான். "இது என் கத்திதானே."

"கேட்டியா?" சோஷிச்சி துள்ளினார். "அவனே ஒத்துக்கிட்டான்!"

"எத ஒத்துக்கிட்டேன்? இந்த மழை நான் செதுக்கினது. இதோ இந்த ஏழாவது கோடு நுனியில கொஞ்சம் ஒடிஞ்சிருக்கு பாருங்க, அன்னிக்கு ஒரு தும்மல் வந்துச்சு. என் தும்மல எவன் திருடுவான்?"

"நகோயாவுக்கு எதுக்குப் போன?"

"அக்காவுக்குக் குழந்தை பொறந்துச்சு. பொம்பளப் புள்ள. வேணும்னா போய்க் கேட்டுட்டு வாங்க, அவ வாயில விழுந்தா முதலாளி ஒரு வாரம் தூங்கமாட்டார்."

"மாதிரித் தாள் எல்லாம்?"

"வண்ணம் குறிச்சதும் சோஷிச்சி முதலாளி வீட்டுக்கே திருப்பி அனுப்பிட்டேன்."

"பொய்" என்றார் சோஷிச்சி.

தோராகிச்சி மேலும் புரட்டினான். கடைசிப் படத்துக்கு வந்திருந்தான். முகம் சுளித்தது.

"இது என்னோடது இல்ல. கண்ணப் பாருங்க. நான் செஞ்ச தவளை மழைக்குக் காத்திருக்கும். இது சந்தையில செத்துக் கிடக்கு."

"பதினொண்ணு வெட்டினவன் பன்னிரண்டாவதுல அலுத்துட்டான், அவ்வளவுதான்!"

"அலுப்பா?" தோராகிச்சி கத்தியைக் கீழே வைத்தான். "முதலாளி, இருக்கறதுலயே லேசான பலகை இதுதான். இதுல ஒரு மழைக்கோடு கிடையாது. நேத்து சேர்ந்த பையன்கூட வெட்டிடுவான். மலையெல்லாம் ஏறிட்டு எவனாச்சும் வீட்டு வாசல்ல தடுக்கி விழுவானா?"

"வாயப் பாரு! பட்டறைய விட்டுப் போகப்போற நேரத்துல..."

தோராகிச்சியின் முகத்தில் இருந்த துடுக்கு அப்போதுதான் வடிந்தது. அவன் ஹிகோபேயைப் பார்த்தான். "ஐயா, எனக்கு வேற தொழில் தெரியாது."

ஹிகோபே புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார்.

பிற்பகலில் மழை விட்டு வெளிச்சம் வந்தது. ஹிகோபே தன் கடையின் பின்னறையில், நகோயாப் புத்தகத்தின் தையல் நூலை வெட்டி, தாள்களைப் பிரித்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தன்னுடைய தாளை வைத்தார். ஓமிச்சி எதிரே உட்கார்ந்தாள்.

"என்னத்தங்க தேடறீங்க?"

"கோட்ட எல்லாரும் பார்த்தாச்சு. நான் வானத்தப் பார்க்கறேன்."

ஒவ்வொரு படத்திலும் கோட்டுக்கு ஒரு பலகை, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிப் பலகை. அச்சுக்காரன் வண்ணம் பூசிய பலகைமேல் ஈரத் தாளைப் பரப்பி, மூங்கில் மட்டை சுற்றிய தேய்ப்பானால் பின்பக்கம் அழுத்தித் தேய்ப்பான். வானம் மாதிரி வெறும் வண்ணமாக விரியும் இடத்தில், வண்ணத்தோடு இன்னொன்றும் தாளில் இறங்கும். அது மரத்தின் ரேகை. யாரும் அதை வரைவதில்லை, செதுக்குவதுமில்லை. மரம் வளரும்போது தானே போட்டுக்கொண்டது.

இடிமழை வானத்தில், இடது மூலையில், மீன்கண் மாதிரி ஒரு சின்னக் கணு. ஹிகோபேயின் தாளில் அது இருந்தது. நகோயாத் தாளிலும் இருந்தது. வயல் மழையில் ரேகைகள் ஆற்று நீர்போல ஒரு பக்கமாக வளைந்தன. இரண்டிலும் ஒரே வளைவு. அவர் ஒவ்வொரு படமாக விரலை ஓட்டிக்கொண்டே போனார். தவளைக்கு மேலிருந்த சாம்பல் வானத்திலும் அதே ரேகைதான்.

பிறகு ஒரு நூலை எடுத்துத் தன் தவளையின் மூக்கிலிருந்து பின்னங்கால் நுனிவரை பிடித்து, அதே நூலை நகோயாத் தவளைமேல் வைத்தார். நூல் ஒரு அரிசி நுனி அளவுக்கு நீண்டு நின்றது. மற்ற படங்களில் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

நூலைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து கிடங்குக்குப் போய், மேல்தட்டிலிருந்து நீலத் துணி மூட்டையை எடுத்து வந்தார்.

"இத யாராவது தொட்டாங்களா?"

"யார் தொடுவா? அச்சு முடிஞ்சு நீங்க கொண்டுவந்த அன்னிக்கு நான்தான் முடிஞ்சு வச்சேன். நான் போடற முடிச்சு எனக்குத் தெரியாதா? தூசியப் பாருங்க, விரல் பட்ட தடம்கூட இல்ல." அவள் குரல் தாழ்ந்தது. "யாருன்னு தெரிஞ்சுடுச்சா?"

"தெரியாம இருந்திருக்கலாம்."

அவள் வைத்த நூடுல்ஸ் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

மாலை மணி அடித்தபோது சங்கத்தின் மாடியறையில் நான்கு பேர் இருந்தார்கள். சங்கத் தலைவர் ஜின்னெமோன், முத்திரைக்கான சிவப்பு மைக்குழியைத் திறந்து வைத்திருந்தார். சோஷிச்சி ஏற்கெனவே தன் முத்திரையைப் பதித்திருந்தார். தோராகிச்சி கதவருகே, வாசலுக்கும் அறைக்கும் நடுவில், தலை குனிந்து முழந்தாளிட்டிருந்தான்.

"ஹிகோபே, உங்க முத்திரை" என்றார் ஜின்னெமோன்.

"போடறதுக்கில்ல தலைவரே. அச்சடிச்சது யாருன்னு எனக்குத் தெரியும்."

"சொல்லுங்க."

ஹிகோபே தாள்களைப் பாயில் ஜோடி ஜோடியாகப் பரப்பினார்.

"தலைவரே, கோட்ட ஒரு கைகாரன் பார்த்து வெட்டலாம். இந்த மரக் கணுவ எவனும் வெட்டமுடியாது. பாருங்க. ரெண்டு தாளிலயும் அதே கணு, அதே ரேகை. தோராகிச்சியோட தும்மல்கூட அப்படியே இருக்கு. இது பார்த்து வெட்டின பலகையில்ல. எங்க பலகையே இதுதான். நகோயா, சரக்குக்காரன் எல்லாம் வேஷம்."

ஜின்னெமோன் குனிந்து பார்த்தார். வெகு நிதானமாக ஒவ்வொரு வானமாகப் பார்த்தார்.

"அப்ப என் கிடங்கு உடைஞ்சிருக்கு!" என்றார் சோஷிச்சி. "திருட்டுப் பய, சாவி செஞ்சு..."

"கொஞ்சம் பொறு. இந்தத் தவளைய மட்டும் பார்க்கலாம். வானம் எங்களோடது. பச்சை எங்களோடது. கோடு மட்டும் எங்களோடது இல்ல. அச்சடிக்கும்போது தாள் ஈரமா விரிஞ்சிருக்கும், காஞ்சதும் சுருங்கும். அந்தச் சுருங்கின தாள ஒட்டிப் புதுப் பலகை வெட்டினா, கோடும் சுருங்கியே வரும். அதுக்கு மேல பழைய வண்ணப் பலகைய வச்சா பச்சை வெளிய வழியும். கணக்கு அவ்வளவுதான். என் வீட்டுல சிரிச்சது இதப் பார்த்துத்தான்."

"சரி. அதனால?"

"வெளியாள் மாதிரித் தாள வச்சுத் திருடியிருந்தா, அத்தன பலகையும் புதுசா வெட்டியிருப்பான். எல்லாப் படமும் ஒண்ணுபோலச் சுருங்கியிருக்கும், வண்ணமும் சேர்ந்து சுருங்கும், எதுவும் வழியாது. கிடங்க உடைச்சு நுழைஞ்ச திருடனா இருந்தா, தவளைக் கோடு இல்லாம பதினொரு படத்தோட வித்திருப்பான். புதுசா வெட்ட மாதிரித் தாளுக்கு எங்க போவான்? தோராகிச்சியா இருந்தா இந்தத் தவளையையும் தானே உயிரோட வெட்டியிருப்பான். ஆக, இந்த ஆள்கிட்ட மாதிரித் தாள் இருந்திருக்கு. எங்க பலகை எல்லாம் இருந்திருக்கு. ஒண்ணே ஒண்ணத் தவிர."

அவர் நீலத் துணி மூட்டையை முன்னால் வைத்து முடிச்சை அவிழ்த்தார். செர்ரிப் பலகையில் தவளை வலமிடம் மாறி, தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அது இது. பிணைப்பலகை. என் வீட்டுல இருந்துச்சு, முடிச்சு அவிழல. தலைவரே, இந்த ஒண்ணு மட்டும் கையில இல்லாத ஆள் இந்த எடோவுல ஒருத்தர்தான் இருக்க முடியும்."

கீழே தெருவில் தோஃபு விற்பவனின் குரல் போனது.

தோராகிச்சி மெல்லத் தலையை உயர்த்தினான்.

ஜின்னெமோன் மைக்குழியை மூடினார். "சோஷிச்சி?"

சோஷிச்சி சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. நெற்றியைத் துடைத்தார். பிறகு ஜின்னெமோனைப் பார்க்காமல் ஹிகோபேயிடம் திரும்பினார்.

"ஓவியர் வீட்டுக்கு நடையா நடந்தது நான். குளிர்ல அச்சுக்காரனோட கிடந்தது நான். நீ கடையில உக்காந்து தேநீர் குடிச்ச. புத்தகம் வந்தா என்ன சொல்லுவாங்க? ஹிகோபே கடைப் புத்தகம்னு. எல்லாப் புத்தகத்துக்கும் அப்படித்தான் சொன்னாங்க. உன் பேர் முதல்ல, என் பேர் அதுக்குக் கீழ. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வர்ற காசாவது முழுசா எனக்குன்னு இருக்கட்டும்னு நினைச்சேன்."

"என் பேரைக் கீழ போடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்பேனேடா."

"அதான்! நீ கொடுத்து நான் வாங்கணும்!"

"சரி, என்கிட்ட எடுத்த. அவன்கிட்ட ஏன் எடுத்த?" ஹிகோபே கதவருகே கைநீட்டினார். "அவனோட கத்திய ஏன் பிடுங்கப் பார்த்த?"

பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்தைப் புரட்டியதும், இது என் பலகையில் அடித்தது என்று சொல்லக்கூடிய ஒரே வாய் தோராகிச்சியுடையது. அந்த வாய் திருடனின் வாயாக ஆகிவிட்டால் அதை யார் கேட்பார்கள்?

"ஆசையில தப்பு பண்ணிட்டேன்" என்றார் சோஷிச்சி, குரல் உடைந்து. "போன மாசம்தான்டா புத்தி கெட்டுப்போச்சு. அதுக்கு முன்னால மனசுல ஒண்ணும் இல்ல. நீ நம்பணும்."

ஹிகோபே அவரை நம்ப விரும்பினார். உண்மையிலேயே விரும்பினார். பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தார். தவளையைச் சுற்றிலும் மரம் வழவழவென்று தாழ்ந்து, அகலமாக, வெறுமையாகக் கிடந்தது.

"ஒரே ஒண்ணு கேக்கறேன். பன்னிரண்டுல நீ ஏன் இதக் கொண்டுவந்த?"

"உனக்குப் பிடிச்ச படம்னுதான்..."

"மத்த எதக் கொடுத்திருந்தாலும் உன்னால திருப்பி வெட்ட ஆள் பிடிச்சிருக்க முடியாது. தோராகிச்சி மழைய வெட்ட இன்னொரு தோராகிச்சி வேணும். மழைக்கோடே இல்லாத படம் இது ஒண்ணுதான். நேத்து சேர்ந்த பையன்கூட வெட்டிடுவான்." அவர் குரல் உயரவில்லை. "நான் பிணையே கேக்கலியேடா. வேண்டாம்னுதானே சொன்னேன். வழக்கம் வழக்கம்தான்னு நீயே தேடி எடுத்து, துணியில சுத்தி, இனிப்போட என் வாசல்ல வந்து நின்ன. அன்னிக்கே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்க. ஓமிச்சி அந்த இனிப்பத் தெரு பூரா சொல்லிப் பெருமப்பட்டா."

சோஷிச்சி இரண்டு கைகளையும் பாயில் ஊன்றித் தலையைத் தாழ்த்தினார். அது மன்னிப்பா, முகத்தை மறைப்பதற்கா என்று சொல்வது கடினம்.

ஜின்னெமோன் புகார்த் தாளை நான்காகக் கிழித்தார். சோஷிச்சியின் கடைப் பெயர்ப்பலகை சங்கத்திலிருந்து இறக்கப்படும் என்றார். கள்ளத் தவளைப் பலகையை நாளை காலையில் எல்லோர் முன்னிலையிலும் பிளக்கவேண்டும், மிச்சப் பலகைகள் எல்லாம் ஹிகோபேயின் கிடங்குக்குப் போகவேண்டும் என்றார். ஹிகோபே தலையசைத்தார். நீலத் துணியின் ஓரங்களைச் சேர்த்து, சின்னம் மேலே தெரியும்படி மடித்து, சோஷிச்சியின் முன்னால் வைத்தார். பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

தெருவில் மறுபடி மழை பிடித்திருந்தது. வாசலில் தோராகிச்சி காத்திருந்தான். தன் மேலங்கியைக் கழற்றி, கேட்காமலே பலகைமேல் போர்த்தினான்.

"மரம் நனையக் கூடாது ஐயா."

இருவரும் சற்றுத் தூரம் நடந்தார்கள். பாலத்தருகே தோராகிச்சி தயங்கினான்.

"மத்தியானம் பட்டறைக்கு வந்தீங்களே. அவர்கூடச் சேர்ந்துகிட்டு, என்ன முடிக்கத்தான் நீங்களும் வந்திருக்கீங்கன்னு நினைச்சுட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

ஹிகோபே பலகையை மார்போடு இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"அவன்கூடச் சேர்ந்துதான் வந்தேன்" என்றார்.